முன்னோர் தேட்டம்: சித்தூரைத் தேடியவர்க்கு வட ஆற்காடு கிடைத்தது



சென்ற இதழில் வாக்களித்தபடி, நம் சங்கத்துக் குடும்பங்களுள் ஒன்றன் பூர்வீகத்தைத் தேடிச் சென்ற வரலாற்றை இம்முறை எழுதுகிறேன். அக்குடும்பத்துக்கு மூத்தவரான அம்மையார் டர்பன் நகரில் பிறந்தவர், வயது 84. தம் பாட்டனார் சித்தூரிலிருந்து புறப்பட்டுச் சென்னையில் கப்பலேறி, நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர் என்பதற்கு மேல் அவருக்கு ஏதும் தெரியாது. “எந்த ஊர் என்று தெரிந்துகொண்டு கண்ணை மூடினால் போதும், தம்பி” என்று அவர் சொன்னபோது, மறுத்துக் கூற எனக்கு மனம் வரவில்லை.

பாட்டனாரின் ஒப்பந்தம் முடிந்த காலத்துத் தாள் ஒன்று பழம்பெட்டியிற் கிடந்தது. அதில் அவருக்குக் குடியேற்ற அலுவலர் இட்ட எண் இருந்தது. பெயர்களை எழுத்தர் பலவாறு சிதைத்து எழுதியிருப்பர், எண்ணோ சிதையாது. ஆதலின் இத்தகைய தாள் எவர் வீட்டிலேனும் இருந்தால் அதனைப் பொன்போற் காத்து வைக்க வேண்டுகிறேன். 1860 நவம்பர் 16ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்தது முதல், 1911இல் ஆள் அனுப்புதல் நிறுத்தப்பட்டது வரை, நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் கப்பற் பட்டியலில் ஒரு வரி உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலடையாளம் என்று அவ்வரி விரியும். பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

பாட்டனாரின் வரியும் கிடைத்தது. கிடைத்தவுடன் குடும்பத்தில் வழக்கு எழுந்தது! ஜில்லாவுக்குரிய கட்டத்தில் ‘வட ஆற்காடு’ என்றிருந்தது. “நம்மவர் சித்தூர் ஜில்லா அல்லவா? இவர் வேறு யாரோ” என்று சிலர் தள்ளிவிட்டனர். வேறு சிலர், வட ஆற்காடு என்றால் வேலூர்தானே என்று வேலூருக்கும் இராணிப்பேட்டைக்கும் சென்று அலைந்து, வெறுங்கையுடன் திரும்பினர்.

பிழை பட்டியலில் இல்லை. நம் கையிலுள்ள நிலப்படத்தில் இருந்தது. பாட்டனார் கப்பலேறிய நாளில் சித்தூர் என்று ஒரு ஜில்லா கிடையாது. சித்தூர் நகரம் வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகராய் இருந்தது. 1911 ஏப்ரல் முதல் நாளன்றுதான் வட ஆற்காட்டின் சில தாலுகாக்களையும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு ஆகியவற்றையும் சேர்த்துச் சித்தூர் ஜில்லா அமைத்தனர். வட ஆற்காட்டின் தலைமை வேலூருக்குப் போயிற்று. அடுத்த மூன்று மாதத்தில் நேட்டாற் கப்பல்கள் நின்றுவிட்டன. ஆதலால் அப்பட்டியல்களில் சித்தூரை ஜில்லாவாகத் தேடுவது இல்லாத கதவைத் தட்டுவதாகும்.

அதன் பிறகும் எல்லைக்கோடுகள் ஓய்ந்திருக்கவில்லை. சென்னை இராஜ்யத்தில் இருந்த சித்தூர் 1953இல் ஆந்திரத்தோடு சேர்ந்தது. 1960இல் படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி நமக்கு மீண்டது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ‘திருப்பதிப் பக்கம்’ என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் பழைய பட்டியலில் சந்திரகிரித் தாலுகாவைப் பார்க்க வேண்டும். திருப்பதி அன்று அதனுள் அடங்கியிருந்தது. வட ஆற்காடு என்ற பெயரிலோ இன்று மாவட்டமே இல்லை. இவற்றோடு, கேரளத்தில் பாலக்காட்டை அடுத்து மற்றொரு சித்தூர் இருப்பதையும் நினைவிற் கொள்க. ஆதலின் பட்டியலிலிருந்த தாலுகாவையும் கிராமத்தையுமே பற்றிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு விடுமுறையில் சித்தூருக்குப் போனேன். பட்டியலில் எழுதியிருந்த கிராமப் பெயரைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பார்த்தேன். தெலுங்கு நாவில் பிறந்து, ஆங்கில எழுத்தில் ஏறிய பெயர் அது. நகரில் தேநீர்க் கடையிலிருந்த முதியவர் ஒருவர் நான்காம் முறை கேட்டதும் சிரித்துவிட்டு, ஊரின் சரியான பெயரைச் சொன்னார். பேசியது நல்ல தமிழ், ஊரின் பெயரைச் சொன்னது நல்ல தெலுங்கு. அவ்வட்டாரத்து மொழிநிலை அத்தகையது. நேட்டாலில் ஒரு கிளை தமிழ்க் குடும்பமாகவும் மற்றொரு கிளை தெலுங்குக் குடும்பமாகவும் வளர்ந்திருந்தால் வியப்பதற்கில்லை.

ஊரில் உறவினர் எவரும் அகப்படவில்லை. இதை மறைக்காமற் சொல்கிறேன். நிலவரிப் பதிவேடுகளில் தேடலாமே என்பீர்கள். அவற்றில் ஏறுவது நிலமுடையோர் பெயர். நிலமிருந்தவர் கடல் கடந்து கரும்பு வெட்டப் போவானேன்? ஊரின் எல்லையிற் கங்கையம்மன் கோயில் ஒன்று கண்டேன். திருப்பதியிலும் சித்தூரிலும் கங்கையம்மன் சாத்திரை பெயர்போனது. நேட்டாலிலும் நம்மவர் கங்கையம்மனுக்குக் கூழ் வார்க்கின்றனர். அம்மையார் வீட்டிலும் அவ்வழக்கம் உண்டு. எனினும் இதை நான் சான்றாகக் கொள்ள மாட்டேன். குடியாத்தத்திலும் அதே தெய்வந்தான்.

அமெரிக்காவிலுள்ள நண்பர் ஒருவர், அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டிற் குடியேறிய ஸ்காத்லாந்து வழியினரின் பேரர்கள் படும் பாட்டைச் சொல்வார். பென்சில்வேனியாவில் 1727 முதல் ஜெர்மானியக் குடியேறிகளின் பெயர்களைப் பதிந்தார்கள். அல்ஸ்டர்க்காரரோ பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால் அவர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. நம் பாட்டனாரையோ முழங்காற் தழும்பு வரை எழுதி வைத்தார்கள். அன்பினாலன்று, முதலாளிக்கு ஒப்படைத்த ஆளைப் பின்னர் அடையாளங் காட்ட வேண்டியிருந்தது. அந்தக் கணக்கு இன்று நமக்குக் குலவரலாறு ஆகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு கசப்பு எழாமலில்லை.

அத்தழும்புதான் வழக்கைத் தீர்த்தது. ‘இடது முழங்காலில் வெட்டுத் தழும்பு’ என்ற சொற்களை அம்மையாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, எட்டு வயதில் தாம் பாட்டனார் அருகே திண்ணையில் அமர்ந்து அத்தழும்பை விரலால் தடவியதுண்டென்றும், அரிவாள் பட்டது என்று அவர் சொல்வாரென்றும் கூறினார். வழக்காடிய பிள்ளைகள் வாயடைத்துப் போயினர். பாட்டனாரின் தந்தை பெயரைத் தம் கையாலேயே பஞ்சாங்கத்தின் உள்ளட்டையில் எழுதிக்கொண்டார்.

பின்பு, “பாட்டனாரைப் பெற்றவள் பெயர்?” என்று கேட்டார். பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை என்றேன். பாட்டியார் வேறு கப்பலில் வந்தவராம். அவருடைய எண்ணைத் தேடும் பணியை இப்போது என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்.

மொரீஷியஸ் வழியினர் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்துப் பதிவுகளைப் பார்க்கும் முறையை அடுத்த இதழில் எழுதுவேன். எண்ணுள்ள தாள் வைத்திருப்போர் அதன் நகலைச் சங்கத்துக்கு அனுப்பலாம். மூலத்தை அனுப்ப வேண்டா.