பரிக்கு மட்டும் ஏன் பொறுமை?

'பரியேறும் பெருமாள்' வந்தது 2018-இல். பரியையும் ஜோவையும் சேர்த்துவைத்து இன்றும் யாராவது ரீல் போடுகிறார்கள். சட்டக் கல்லூரி, அவள் அவனுக்கு ஆங்கிலம் சொல்லித் தருவது, பின்னணியில் ஏதாவது ஒரு காதல் பாட்டு. நான் பார்த்தவை எல்லாமே கல்யாண மண்டபக் காட்சிக்கு முன்பே முடிந்துவிடும்.

'அது காதலே இல்லை, படம் புரியாத கூட்டம்' என்று தோழர்கள் சிலர் கேலி செய்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. காதலா நட்பா என்று அந்த இருவரும் தெரிந்துகொள்ளும் அவகாசத்தைத்தானே அந்த மண்டபத்தில் அடித்துப் பிடுங்கினார்கள்? 2015-இல் திருச்செங்கோட்டில் கோகுல்ராஜ் தன்னோடு படித்த பெண்ணுடன் கோயிலுக்குப் போனார். அதற்கே ஆணவக் கொலை. தீர்ப்பு வந்தது 2022-இல். அதுவரை பொறுத்திருந்தவர் அவருடைய அம்மா.

கடைசிக் காட்சியில் பரி காட்டும் நிதானத்தைப் புகழ்ந்து நிறைய எழுதிவிட்டோம். நானும் புகழ்ந்திருக்கிறேன். ஆனால் அங்கே அவகாசம் கிடைப்பது ஜோவின் அப்பாவுக்கு. ஜோவுக்கோ நடந்தது எதுவுமே தெரியாது. ரசிகர்கள் அந்த முடிவை ஏற்க மறுப்பதில் ஒரு நியாயமான கோபம் இருக்கிறது.

'வீட்ல பேசுறேன், கொஞ்சம் பொறு' என்பதை மூன்று வருடமாகக் கேட்டுவருகிறேன். அவளுடைய பயம் பொய்யில்லை, எனக்கும் தெரியும். போன வாரம்தான் முதல்முறையாகத் தேதி கேட்டேன். பொங்கலுக்குள் என்றாள். சரி, பொங்கல் வரைக்கும்.