இரண்டு அடி போதும்: சென்ற் பூசுறது பற்றி எங்கட கருத்து

காலையில் பூவரசங்குளத்தடியில் ஏறி வவுனியா ரவுனுக்குப் போற பஸ்ஸை உங்களில் கனபேருக்குத் தெரியும். மன்னார்ப் பக்கம் இருந்து வரேக்கையே நிரம்பித்தான் வரும். போன மாதம் அப்படி ஒரு பஸ்ஸில் எங்களில் ஒருவன் ஏறினான். ஏறினவுடனே பக்கத்தில் இருந்த அம்மம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினா. பிறகு எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னா: "தம்பி, போத்தலோடயே குளிச்சிட்டு வந்தனியோ?"

பஸ்ஸே சிரிச்சது. நாங்களும் சிரிச்சோம். ஆனால் இறங்கின பிறகு அவன் சொன்னது சிரிக்கிற விசயம் இல்லை. விடிய அஞ்சு மணிக்கு வயலுக்குத் தண்ணி மாறப் போனவன். வீட்டுக்கு வந்து அரைகுறையாக் குளிச்சு, ஷேர்ட்டைக் கொழுவிக்கொண்டு ஓடி வந்தவன். "வகுப்பில ஆராவது சேத்து மணக்குது எண்டு சொல்லிப்போடுவாங்களோ எண்டு பயம் மச்சான். அதான் கால்வாசிப் போத்தலை அடிச்சன்" எண்டான்.

இந்தப் பயத்தைப் பற்றித்தான் எழுத வேணும் எண்டு நினைச்சோம். சென்ற் எப்படித் தெரிவு செய்யிறது, எங்கே பூசுறது, எவ்வளவு பூசுறது எண்டு சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் விசயம் இருக்கு. ஆனால் சென்ற் போத்தலை நாங்கள் ஏன் கையில் எடுக்கிறோம் எண்ட கேள்வி அதற்கு முதல் வருகிறது.

வேர்வைக்குச் சென்ற் மருந்தில்லை

முதலில் ஒரு உண்மை. உடம்பில் இருந்து புதிதாக வரும் வேர்வைக்குப் பெரிதாக மணமே இல்லை. அக்குள் போன்ற இடங்களில் வரும் வேர்வையைத் தோலில் வாழும் பக்டீரியாக்கள் உடைக்கிற போதுதான் நாங்கள் நாற்றம் என்று சொல்வது உண்டாகிறது. வயலில் வேலை செய்தவன், மேசன் வேலைக்குப் போனவன், ஏசி அறையில் இருந்தவன் எல்லாருக்கும் இது ஒண்டுதான். வேர்வை மணம் சாதியையோ தொழிலையோ காட்டும் அடையாளம் இல்லை. அப்படிச் சொல்லிச் சிரிக்கிறவர்களிடம்தான் பிழை.

ஆனபடியால் அழுக்கு உடம்பில் சென்ற் அடிச்சால் இரண்டு மணமும் சேர்ந்து மூன்றாவது மணம் ஒன்று வரும். அதுதான் அண்டைக்குப் பஸ்ஸில் நடந்தது. சவுக்காரம் போட்டு அக்குளைக் கழுவி, ஈரம் போகத் துடைச்சு, தோய்ச்சுக் காய்ஞ்ச உடுப்பைப் போட்டாலே முக்கால்வாசிப் பிரச்சினை முடிஞ்சுது. டியோடரன்ட் பக்டீரியாவைக் குறைக்கும். அன்டிபெர்ஸ்பிரன்ட் என்று எழுதியிருப்பதில் அலுமினிய உப்பு இருக்கும், அது வேர்வை வரும் வழியையே தற்காலிகமாக அடைக்கும். காசில்லாவிட்டால் சலூனில் ஷேவ் எடுத்த பிறகு தேய்க்கிற படிகாரக் கல் ஒன்று போதும். நனைச்சுத் தேய்ச்சால் அதுவும் ஓரளவுக்கு அதே வேலையைச் செய்யும், மாதக்கணக்கில் கரையாது.

ஒரு எச்சரிக்கை: சில பெடியள் தேசிக்காயை வெட்டி அக்குளில், கழுத்தில் தேய்க்கிறார்கள். வேண்டாம். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் நெருப்புச் சுட்ட மாதிரிக் கொப்பளிக்கும், கறுத்த தழும்பு கன நாளைக்கு நிற்கும். வன்னி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

போத்தலில் எழுதியிருப்பதை வாசியுங்கோ

எங்களில் பலருக்கு முதல் சென்ற் கனடாவில் இருந்தோ சுவிஸில் இருந்தோ வந்த மாமா கொண்டுவந்ததுதான். எது நல்லது, எது எங்களுக்குப் பொருந்தும் எண்டு தெரிவு செய்யும் சந்தர்ப்பம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தந்ததை அடிச்சோம். ரவுனில் சொந்தக் காசில் வாங்கப் போற நேரம்தான் முழிக்கிறோம்.

போத்தலில் இருக்கும் பிரெஞ்சுப் பெயர்கள் பந்தாவுக்கு எழுதினவை இல்லை. வாசனை எண்ணெய் எவ்வளவு கலந்திருக்கு என்பதன் அளவு அது. 'ஓ டி கொலோன்' என்றால் கிட்டத்தட்ட 2 முதல் 4 வீதம். 'ஓ டி துவாலெட்' 5 முதல் 15 வீதம், மூன்று நாலு மணித்தியாலம் நிற்கும். 'ஓ டி பர்ஃபம்' 15 முதல் 20 வீதம், அரை நாள் தாங்கும். வெறும் 'பர்ஃபம்' அதற்கும் மேல். மிச்சம் பெரும்பாலும் அற்ககோல். கடைகளில் அதிகம் விற்கும் பொடி ஸ்பிரே இந்தப் பட்டியலின் அடியில்தான் நிற்கிறது. ஒரு மணி, இரண்டு மணியில் பறந்துவிடும். பறக்கப் பறக்க நாங்கள் திரும்பத் திரும்ப அடிக்கிறோம். மாதம் இரண்டு பொடி ஸ்பிரே வாங்கும் காசைச் சேர்த்தால் ஒரு சின்ன நல்ல போத்தல் வாங்கலாம். 10 மில்லிப் போத்தலில் கிட்டத்தட்ட 100 அடி இருக்கும். நாளுக்கு இரண்டு அடி எண்டால் 50 நாள். கணக்கு நீங்களே பாருங்கோ.

கடையில் மூடியைத் திறந்து மூக்கில் வைச்சு மணந்து வாங்காதீர்கள். முதலில் மூக்கில் அடிப்பது தேசி, தோடை மாதிரி லேசான மணங்கள், பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில் பறந்துவிடும். பிறகு பூ, வாசனைச் சரக்கு மாதிரியான நடு மணம். கடைசியில் மணிக்கணக்காக நிற்பது சந்தனம், வனிலா, கஸ்தூரி மாதிரியான அடி மணம். நீங்கள் நாள் முழுக்கச் சேர்ந்து வாழப்போவது இந்தக் கடைசி ஆளோடதான். ஆகவே மணிக்கட்டில் ஒரு அடி அடிச்சுக்கொண்டு வெளிக்கிடுங்கோ. சந்தைக்குப் போங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ. ஒரு மணித்தியாலம் கழிச்சு மணந்து பாருங்கோ. அப்பவும் பிடிச்சிருந்தால் திரும்பிப் போய் வாங்குங்கோ. ஒரே நாளில் மூன்றுக்கு மேல் மணந்து பார்த்தால் மூக்குக் களைத்துவிடும்.

கள்ளச் சரக்கு இன்னொரு பிரச்சினை. 2022 ஓகஸ்டில் டொலர் இல்லாமல் அரசாங்கம் 300 இறக்குமதிப் பொருள்களை நிறுத்தின நேரம் வாசனைத் திரவியமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்த நாளில் பெரிய பிராண்ட் பெயரோடு அரைவிலைக்குப் போத்தல்கள் கைமாறினதை நாங்களும் பார்த்தோம். எங்களில் ஒருத்தி அப்படி ஒன்றை வாங்கிக் கழுத்தெல்லாம் தடிச்சு இரண்டு கிழமை சால்வையோடு திரிஞ்சா. பெட்டியில் இருக்கும் தொகுதி இலக்கமும் போத்தலின் அடியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேணும். பில் கேட்டு வாங்குங்கோ. ஏமாத்தினால் 1977 என்ற இலக்கத்துக்கு அடிச்சுப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குச் சொல்லலாம். எந்தச் சென்ற் எண்டாலும் முதலில் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு துளி பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பாவியுங்கோ.

அற்ககோல் ஒத்துவராதவர்களுக்கு அத்தர் இருக்கு. வட இந்தியாவின் கன்னோஜ் நகரத்தில் இன்றைக்கும் செம்புப் பானையில் பூவை அவிச்சு, ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடிக்கிறார்கள். பூவை மட்டும் இல்லை, சுட்ட மண்ணையும் அப்படியே வடிக்கிறார்கள். முதல் மழை வாசத்தைப் போத்தலில் அடைச்ச அத்தர் அது. ஐப்பசியில் குளக்கட்டில் நின்று முதல் மழையை மணந்தவர்களுக்கு அதன் அருமை விளங்கும்.

எங்கே, எவ்வளவு

குளிச்சு, துடைச்சு, தோல் கொஞ்சம் ஈரப்பதமாக இருக்கிற நேரம்தான் நல்ல நேரம். காய்ஞ்ச தோலில் மணம் நிற்காது. மணிக்கட்டு, கழுத்தின் பக்கம், காதுக்குப் பின்னால், முழங்கை மடிப்பு: இரத்த ஓட்டத்தின் சூடு தோலுக்குக் கிட்ட இருக்கிற இடங்கள் இவை. இவற்றில் இரண்டு இடம் போதும். ஒரு சாண் தூரம் தள்ளிப் பிடிச்சு அடியுங்கோ. அடிச்ச பிறகு மணிக்கட்டு இரண்டையும் தேய்க்காதீர்கள், தேய்த்தால் முதல் மணம் கெதியாய்ப் போயிடும். வெள்ளைச் ஷேர்ட்டில் நேரே அடிச்சால் கறை வரலாம். அடுப்படியில், விளக்கு நுளம்புத்திரிக்குப் பக்கத்தில் அடிக்கவே வேண்டாம், அற்ககோல் பற்றும். போத்தலைத் தகரக் கூரைக்குக் கீழே யன்னலடியில் வைக்காமல் அலுமாரிக்குள் இருட்டில் வையுங்கோ. வெயிலும் சூடும் வாசனையைக் கெடுக்கும்.

அரை மணித்தியாலத்தில் உங்கட மணம் உங்களுக்குத் தெரியாமல் போகும். மணம் போகவில்லை, மூக்குப் பழகிவிட்டது. பக்கத்தில் இருப்பவருக்கு அப்பவும் மணக்கும். இதைத் தெரியாமல் இன்னும் நாலு அடி அடிக்கிறதுதான் எங்கட ஆக்கள் செய்யிற பெரிய பிழை. எங்கட அளவுகோல் இதுதான்: கையை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நிற்பவருக்கு மட்டும் மணந்தால் சரி. பஸ்ஸில், வகுப்பில், ஆஸ்பத்திரியில் இழுப்பு வருத்தக்காரர் இருப்பினம். அவை எழும்பி வெளியால போக ஏலாது. ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போகிற நாளில் பூசாமல் போங்கோ.

வாசம் யாருக்குச் சொந்தம்?

வீட்டில் இதைப் பற்றிக் கதைச்சால் பெரியாக்கள் ஆடம்பரம் எண்டு சொல்லுவினம். அவையைக் குற்றம் சொல்ல ஏலாது. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் சவுக்காரம் கிடையாமல் பனம்பழத்தைப் பிழிஞ்சு உடுப்புத் தோய்ச்ச ஆக்கள் அவை. அவைக்கு ஒரு வாசனைச் சவுக்காரமே பெரிய விசயமாக இருந்தது. ஆனால் அதே வீடுகளில் பெடியன் சென்ற் அடிச்சால் "மாப்பிளை வெளிக்கிட்டார்" எண்டு பகிடி, பெட்டை அடிச்சால் "ஆருக்காம்?" எண்டு கேள்வி. இந்த வித்தியாசத்தை எங்களால் ஏற்க முடியாது.

எங்கட இலக்கியத்தில் வாசனைக்குக் குறைவில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைச் சொல்கிறார். சிலப்பதிகாரத்தில் மாதவி பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறின நீரில் குளிக்கிறாள். கோவலனின் ஊடலைத் தீர்க்கத்தான் அந்தக் குளிப்பும் அலங்காரமும். பெண்ணின் உடம்பில் பூவும் சாந்தும் மணந்தால் அது ஒரு ஆணுக்காக என்றுதான் நாங்கள் பழகிவிட்டோம். அந்த ஆண் இல்லாமல் போனால் பூவும் போகுது, பொட்டும் போகுது, வாசமும் போகுது. வன்னியில் இந்த வழக்கம் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டியிருக்கு எண்டு எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. எங்கட ஒழுங்கையிலேயே தெரியும்.

எங்களில் ஒருவனின் அப்பா 2009 இல் இல்லாமல் போனவர். முதல் சம்பளத்தில் அவன் அம்மாவுக்குச் சின்னச் சந்தன அத்தர்க் குப்பி ஒன்று வாங்கிக் குடுத்தான். "எனக்கேன் மோனை உது? சனம் என்ன சொல்லும்?" எண்டு பெட்டிக்குள் வைச்சிட்டா. அவன் ஒண்டும் சொல்லவில்லை. சில மாதம் கழிச்சு ஒரு இரவு, அம்மா கிணத்தடியில் குளிச்சுவிட்டு உள்ளே வரேக்க வீட்டில் சந்தனம் மணந்தது. ஆரும் பார்க்காத நேரத்தில், ஆருக்காகவும் இல்லாமல், தனக்கெண்டு ஒரு துளி.

பஸ்ஸில் வந்த எங்கட நண்பன் தன்னை மறைக்கச் சென்ற் பூசினான். இந்த அம்மா தனக்குப் பிடிச்சபடியால் பூசினா. இரண்டாவதுதான் சரியான முறை எண்டு நாங்கள் நினைக்கிறோம். இரண்டு அடியா மூன்று அடியா, மணிக்கட்டா கழுத்தா எண்டதெல்லாம் அதுக்குப் பிறகு வாற கணக்கு. வேலை செய்த உடம்பை நினைச்சு வெக்கப்படத் தேவையில்லை. அதே மாதிரி, நல்லாய் மணக்க ஆசைப்படுறதுக்கும் ஆரிட்டையும் அனுமதி கேக்கத் தேவையில்லை. உங்கட வீட்டில் ஒரு அம்மாவோ, அத்தையோ, அக்காவோ அப்படி எல்லாத்தையும் பெட்டிக்குள் பூட்டி வைச்சிருந்தால், அடுத்த முறை சென்ற் வாங்கேக்க முதல் போத்தலை அவவுக்கு வாங்குங்கோ. வற்புறுத்தாதீர்கள். மேசையில் வைச்சிட்டுப் பேசாமல் இருங்கோ.

போன கிழமை நண்பன் வேலைக்கு வெளிக்கிடேக்க அம்மா வாசலில் நின்று சொன்னவவாம்: "உது முடியப்போகுது. வரேக்க இன்னொண்டு வாங்கி வா."