பாறை முன் ஒரு வழக்கு

பள்ளி ஆண்டுவிழாப் பட்டிமன்றங்களில் பெரும்பாலும் குரல்தான் ஜெயிக்கிறது. ‘பணமா, பாசமா’ என்ற தலைப்புக்குச் சான்று தேடவேண்டிய அவசியமே இல்லை. மனப்பாடமான நாலு குறள் போதும், கைதட்டல் விழுந்துவிடும். மேடைக் கூச்சம் போக அது நல்ல பயிற்சிதான். ஆனால் ஆதாரத்தோடு வாதிடப் பழக வேண்டுமென்றால் ஆதாரம் கண்முன் இருக்க வேண்டும், விடை முடிவாகாமல் இருக்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்டப் பிள்ளைகளுக்கு அப்படியொரு கேள்வி பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறது: மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் தவம் செய்பவர் அர்ச்சுனனா, பகீரதனா?

ஊர் சொல்வது அர்ச்சுனன் தபசு. விக்டர் கோலுபேவ் என்ற அறிஞர் 1914இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையில், அது கங்கை இறங்கும் காட்சி என்றார். சுமார் 30 மீட்டர் நீளமுள்ள சிற்பத்தின் நடுவே பாறை பிளந்திருக்கிறது. பிளவில் நாகர்கள் கைகூப்பியபடி இருக்கிறார்கள்; உச்சியில் நீரைத் தேக்கியதற்கான தடயம் உண்டு; கீழே ஒருவர் ஈரத்துணியைப் பிழிகிறார். பகீரதன் கட்சிக்கு இவை பலமான சான்றுகள். ஆனால் கங்கையைச் சடையில் ஏந்த வேண்டிய சிவன், பிளவை விட்டு விலகி, ஒற்றைக்காலில் நிற்கும் தவசிக்கு வரம் தரும் கையோடு நிற்பானேன்? சரி, அர்ச்சுனன் என்றால், வேடனாக வந்த சிவனோடு அவன் போரிட்ட காட்சி எங்கே?

முடிவில்லாத வாதம், ‘எதையும் சொல்லலாம்’ என்ற எண்ணத்தைப் பிள்ளைகளுக்குத் தந்துவிடாதா என்று கேட்பார்கள். தராது. இது இராமனின் வனவாசம் என்று ஒரு மாணவன் சொன்னால், எந்த உருவத்தை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டாலே போதும், அந்த வாதம் அங்கேயே விழுந்துவிடும். நம்பாத கட்சிக்குப் பேசவைப்பது பொய் பேசப் பழக்குவதாகும் என்ற கவலை இன்னும் நியாயமானது. அதனால்தான் பாதியில் அணி மாற்ற வேண்டும். மாறியவர்கள் எதிரணியின் மிக வலுவான சான்றை முதலில் எடுத்துச் சொன்ன பிறகே தங்கள் வாதத்தைத் தொடங்க வேண்டும். பாடத்திட்டத்துக்கு நடுவே நேரமேது என்பவர்களுக்கு: இரண்டு பீரியட் போதும். இது நமக்குப் புதிய சரக்கும் அல்ல. மணிமேகலை அறவண அடிகளிடம் அளவை நூல் பயின்றது பக்கத்துக் காஞ்சியில்தான். காண்டல் எது, கருதல் எது, சொன்ன கூற்றுக்கு ஏது என்ன என்று அந்தக் காப்பியம் பிரித்துப் பிரித்துச் சொல்கிறது. துணி பிழிபவர் காண்டல். அது கங்கை நீர் என்பது கருதல். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் கைப்பேசியில் வரும் வதந்தியிலும் பிள்ளை இதையே தேடும்.

அதே பாறையில், யானையின் காலருகே முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்யும் பூனையையும், சுற்றிலுமுள்ள எலிகளையும் பாருங்கள். போலித் தவப் பூனையின் கதை மகாபாரதத்தில் வருவதால், அர்ச்சுனன் கட்சி அதைத் தன் சான்றாக முன்வைக்கும். கதையைத் தேடிப் படித்து வந்த ஒரு மாணவி எதிர்வரிசையிலிருந்து எழுந்து சொல்வாள்: அந்தப் பூனை தவம் செய்தது கங்கைக்கரையில்.