நாடுகாணியும் கைப்பேசி அலைகளும்

சென்ற 2025-ஆம் வருஷம் செப்டம்பர் 27-ந் தேதி, ஒடிஸா ராஜ்யத்தைச் சேர்ந்த ஜார்சுகுடாவில், பி.எஸ்.என்.எல். ஸ்தாபனத்தின் சுதேசி 4ஜி அமைப்பைப் பிரதம மந்திரி தொடங்கிவைத்தார். 97,500-க்கு மேற்பட்ட கோபுரங்கள். செலவு சுமார் 37,000 கோடி ரூபாய். ஸி-டாட், தேஜஸ் நெட்வொர்க்ஸ், டாடா கன்ஸல்டன்ஸி ஆகிய நம் நாட்டு ஸ்தாபனங்களே யந்திரங்களையும் அவற்றை நடத்தும் ஏற்பாட்டையும் செய்து கொடுத்தன. இத்தகைய சாதனங்களைத் தாமே செய்துகொள்ளும் தேசங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவ்வரிசையில் நம் தேசம் இடம் பெற்றது குறித்து நாம் மனமார மகிழ்கிறோம். ஆனால் கோபுரம் நாட்டுவது ஒரு காரியம். அதன் அலை குடியானவனின் கையிலுள்ள கருவிக்குச் சென்று சேருவது வேறொரு காரியம். இவ்விரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அறிய விரும்புவோர் நீலகிரி ஜில்லாவின் மேற்கு எல்லைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

கூடலூருக்கு அப்பால், ஒரு பாதை வழிக்கடவு வழியாக நிலம்பூருக்கு இறங்கவும், மற்றொரு பாதை தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று செல்லவும் பிரியும் இடம் நாடுகாணி. கீழே கேரள நாடு கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்து கிடக்கிறது; பேரே அதைச் சொல்லும். இங்கிருந்து நாட்டைக் காணலாம். ஆனால் நாட்டோடு பேசுவதுதான் எளிதன்று. கூடலூர், பந்தலூர் தாலுகாக்களின் தோட்ட லயன்களிலும், பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளிலும், 1964-ஆம் வருஷத்து ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய நம் சகோதரர்களின் வீடுகளிலும் "டவர் கிடைக்கவில்லை" என்ற முறையீடு புதிதன்று.

இதற்குக் காரணம் என்ன? கைப்பேசி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. மலைமுகட்டில் மோதும்போது ஓரளவு வளைந்து இறங்கும். மறுசரிவின் பள்ளத்தில் நிழல் விழும். 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் நன்றாக வளையும். 2300, 3500 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைகள் அவ்வளவு வளைவதில்லை. சோலை மரங்களின் நனைந்த இலைகள் மிஞ்சியதையும் உறிஞ்சிக்கொள்ளும். தேவாலாவோ தமிழ்நாட்டின் சிரபுஞ்சி என்று பெயர் வாங்கிய ஊர். சமவெளியில் ஒரு கோபுரம் செய்யும் வேலைக்கு இங்கே மூன்று நான்கு கோபுரங்கள் வேண்டியிருக்கும். சமவெளிக் கணக்கைக் கொண்டு மலைநாட்டை அளப்பது முதல் தவறு.

கைப்பேசியின் முகப்பில் தெரியும் கோடுகளை நம்புவது இரண்டாவது தவறு. எத்தனை கோட்டுக்கு எவ்வளவு அலை என்பதற்குப் பொது விதி கிடையாது. கருவி செய்பவர் வைத்ததே அளவு. மேலும் அக்கோடுகள் கோபுரத்தின் குரல் நமக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மாத்திரமே காட்டும். நம் குரல் கோபுரத்துக்கு எட்டுகிறதா என்று காட்டமாட்டா. கோபுரம் பல வாட் சக்தியோடு பேசுகிறது. 4ஜி கைப்பேசிக்கு உள்ளதோ சாதாரணமாக ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. நாடுகாணியைப் போன்ற உயர்ந்த இடத்தில் நிற்பவனுடைய கருவி தூரத்துக் கோபுரங்கள் பலவற்றின் குரலைக் கேட்டுக் கோடுகளைக் காட்டலாம்; அவன் பதில் சொன்னால் போய்ச் சேராது. கோடு இருந்தும் பேச்சு இல்லை என்னும் விந்தையின் இரகசியம் இதுவே.

மூன்றாவது விஷயம் ஆண்டெனா. முன்நாளில் கைப்பேசியின் தலையில் கொம்புபோல் நின்ற ஆண்டெனா, அழகை உத்தேசித்து உள்ளே ஒடுக்கப்பட்டது. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு நீளமாவது இருந்தால் ஆண்டெனா செவ்வனே வேலை செய்யும். மெல்லிய கருவிக்குள் காமிரா, மின்கலம், திரை எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்த பிறகு எஞ்சிய மூலையிலேதான் அது சுருண்டு கிடக்கிறது. 2010-ஆம் வருஷத்தில் ஆப்பிள் கம்பெனி வெளியிட்ட ஐபோன் 4-இல் எஃகு விளிம்பையே ஆண்டெனாவாக அமைத்திருந்தார்கள். இடது கீழ்மூலையிலுள்ள இடைவெளியை உள்ளங்கை மூடியதும் அலை குன்றியது. கருவியை வேறுவிதமாகப் பிடிக்கும்படி கம்பெனியார் முதலில் யோசனை கூறினர். பிறகு, ஜூலை மாதத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ் பத்திரிகையாளரைக் கூட்டி, வாங்கினவர்களுக்கு இலவச உறை கொடுப்பதாக அறிவித்தார். 2012-இல் அமெரிக்கக் கோர்ட்டில் ஏற்பட்ட சமரசத்தின்படி 15 டாலரோ உறையோ கொடுக்க நேர்ந்தது. கோபுரத்துக்கு அருகில் இருப்பவனுக்குக் கையின் தடையால் நேரும் நஷ்டம் தெரியாது. அலை எல்லைக்கோட்டில் நிற்கும் மலைவாசிக்கோ அந்தச் சிறு நஷ்டமே முழு நஷ்டம்.

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது? 2012 முதல் கோபுரக் கதிர்வீச்சின் வரம்பு சர்வதேச அளவில் பத்தில் ஒன்றாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. கைப்பேசிக்கும் கிலோகிராமுக்கு 1.6 வாட் என்ற வரம்பு உண்டு. இது நியாயமே. ஆனால் எவ்வளவு மெல்லிய அலையை இந்தக் கருவி வாங்கும் என்ற அளவைப் பெட்டியின்மேல் நாம் காண்பதில்லை. காமிராவின் நுட்பத்தைக் கொட்டை எழுத்தில் அச்சிடுகிறவர்கள், கருவியின் செவித்திறனைச் சொல்லாதிருப்பானேன்? தராசைச் சோதிக்கும் சர்க்கார் இதைச் சோதிக்கலாகாதா?

இது சுகவாசிகளின் குறையன்று, உயிர்ப் பிரச்னை. 2024-ஆம் வருஷம் ஜூலை 30-ந் தேதி வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை கிராமங்களை மண்சரிவு வாரிக்கொண்டுபோயிற்று. சாலியாறு பிரேதங்களை நிலம்பூர்ப் பக்கம் வரை கொண்டுவந்து ஒதுக்கியது. அந்த நிலம்பூர் நாடுகாணிச் சுரத்தின் அடிவாரத்தில் இருக்கிறது. ஆபத்துக் காலத்தில் ஒரு பிரதேசத்திலுள்ள கைப்பேசிகளுக்கெல்லாம் ஏககாலத்தில் எச்சரிக்கை அனுப்பும் முறையைச் சர்க்கார் 2023-இல் சோதித்தனர். வால்பாறையில் யானை நடமாட்டத்தைத் தோட்டத் தொழிலாளருக்குக் குறுஞ்செய்தியால் அறிவிக்கும் முறை 2011 முதல் உயிர்களைக் காத்துவந்திருக்கிறது. யானையால் பலமுறை துக்கம் கண்ட கூடலூர், பந்தலூர்ப் பிரதேசத்திலும் அத்தகைய எச்சரிக்கை பயன்பட வேண்டுமானால் முதலில் அலை எட்ட வேண்டாமா?

ஜனத்தொகை குறைந்த மலையில் கோபுரம் வைத்தால் முதலுக்கு மோசம் என்பது கம்பெனியாரின் வாதம். வியாபாரிக்கு இது சரியான வாதம்; ராஜ்யத்துக்குச் சரியாகாது. இந்த நஷ்டத்தை ஈடுசெய்வதற்கென்றே கம்பெனிகளின் வருமானத்தில் நூற்றுக்கு 5 வீதம் பொது நிதிக்கு வசூலிக்கப்படுகிறது. 2022 ஜூலையில் அலை எட்டாத 24,680 கிராமங்களுக்காக 26,316 கோடி ரூபாயை மத்திய மந்திரிசபை அனுமதித்தது. பணம் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. வனச் சட்டமும், 1969-ஆம் வருஷத்துக் கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவைச் சேர்ந்த நில வழக்குகளும் குறுக்கே நிற்கின்றன என்பர். வனத்தைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு ஆக்ஷேபணை இல்லை. ஆனால் ஒரு கோபுரத்துக்கு வேண்டிய சில சென்ட் நிலத்தைப் பற்றித் தனியே முடிவு செய்ய, பெரிய வழக்கு முடியும்வரை காத்திருப்பது அவசியந்தானா?

ஆண்டெனா சாஸ்திரம் நமக்குப் புதிதென்று எவரும் சொல்ல வேண்டாம். ஜகதீச சந்திர வஸு 1895-இலேயே கல்கத்தாவில் கம்பியில்லா அலைகளைக் கொண்டு சோதனை செய்து காட்டினார். இதே நீலகிரி ஜில்லாவில், உதகைக்கருகே முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப் என்னும் பேரறிஞர் 1970-இல் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ரேடியோ தொலைநோக்கியை அமைத்தார். அவ்விடத்தின் அட்சரேகை சுமார் 11 பாகை. அதே அளவு சரிந்த மலைச்சரிவைத் தேர்ந்து, அதன்மேல் ஆண்டெனாவைக் கிடத்தினார். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாயிற்று. ஒரே அச்சைச் சுற்றித் திருப்பினாலே நக்ஷத்திரங்களைத் தொடர்ந்து செல்ல முடிந்தது. மலை தடையென்று அவர் முறையிடவில்லை; மலையையே கருவியாக்கிக்கொண்டார். வான்கோடியின் மெல்லொலியைக் கேட்கும் மலை, பக்கத்துப் பள்ளத்திலிருந்து எழும் கூப்பீட்டைக் கேளாதிருப்பது சாஸ்திரத்தின் குறையன்று, சிரத்தையின் குறையே.

ஆகவே நாம் வேண்டுவன நான்கு. மலைப் பள்ளங்களுக்குத் தாழ்ந்த அலைவரிசையில் சிறு கோபுரங்கள் அமைத்து, மழைக்கால மின்தடையைத் தாங்கும் மின்கலமும் கொடுக்க வேண்டும். பொது நிதியால் எழுந்த கோபுரங்களில் 2025 ஜனவரியில் தொடங்கிய, ஒரு கம்பெனியின் கோபுரத்தை மற்றக் கம்பெனிகளின் சந்தாதாரரும் உபயோகிக்கும் வசதியை மலை ஜில்லாக்கள் முழுவதற்கும் விஸ்தரிக்க வேண்டும். டிராய் விதிப்படி கம்பெனிகள் வெளியிடும் அலைப் படங்களை, பாதையோரத்தில் மாத்திரமன்றி லயன் வீட்டுக்குள்ளேயும் அளந்து சரிபார்க்க வேண்டும். கைப்பேசியின் செவித்திறனைப் பெட்டியின்மேல் அச்சிடச் செய்ய வேண்டும்.

ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. ஆளுக்கொரு மூலையில் "டவர் இல்லை" என்று சலித்துக்கொள்வதால் பயனில்லை. எந்த லயனில், எந்த வேளையில், எந்தக் கம்பெனியின் அலை எவ்வளவு கிடைக்கிறது என்று கிராமந்தோறும் குறித்து, அந்த ஜாபிதாவைக் கலெக்டரிடமும் பார்லிமெண்ட் அங்கத்தினரிடமும் கொண்டுபோய் வையுங்கள். சலிப்புக்குப் பதில் சொல்லாமல் இருந்துவிடலாம்; கணக்குக்குப் பதில் சொல்லியே தீரவேண்டும்.