பந்தியில் தொடங்கும் உத்தியோகம்

அரிசி ஆலையும் எண்ணெய் ஆலையும் விசைத்தறியும் முருங்கைக்காய் வியாபாரமும் வெள்ளகோவிலின் ஜீவாதாரங்கள் என்பதை யாவரும் அறிவர். ஆனால் வந்தவர்களை வரவேற்று, வயிறார உண்ணச் செய்து, மனம் கோணாமல் வழியனுப்பி வைக்கும் காரியமும் கொங்கு நாட்டில் பல குடும்பங்களுக்குச் சோறு போடும் ஒரு தொழிலாகிவிட்டது என்பதை நம்மில் பலர் இன்னும் ஒப்புக்கொள்வதில்லை. பிளஸ் டூ முடித்த பையன் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கப் போகிறேன் என்று வாய் திறந்தால், "எச்சில் இலை எடுக்கறதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. தன் வீட்டு விசேஷத்தில் பந்திக்குப் பந்தி நடந்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று கெஞ்சுவதைக் கௌரவமாகக் கருதுகிற அதே தகப்பனார், அதையே மகன் சம்பளத்துக்குச் செய்தால் அகௌரவம் என்று எண்ணுவது விசித்திரம்தான்.

நம்முடைய கல்யாணமே ஒரு பெரிய நிர்வாகப் பாடம். நாட்டுக்கல் சீர், இணைச்சீர் என்று வரிசையாக வரும் சடங்குகளில் எவர் எங்கே நிற்பது, எந்தப் பொருள் எந்த நேரத்தில் யார் கையில் இருப்பது என்பதையெல்லாம் ஏட்டின் துணையின்றி நினைவிலேயே வைத்துக்கொண்டு நடத்திவைக்கும் அருமைக்காரரைச் சிரத்தையோடு கவனித்தவன், இன்று ஈவென்ட் மேனேஜ்மென்ட் என்று வழங்கும் வித்தையில் பாதியைக் கற்றுவிட்டான் என்றே சொல்வேன். அதே மணவறையின் முன் நின்று மங்கல வாழ்த்துப் பாடிய நாவிதருக்குச் சமபந்தியில் இலை போடத் தயங்கிய சமூகம் இது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஊழியத்தை இழிவாகக் காணும் மனோபாவத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கோவையில் கென்னடி திரையரங்கின் கேன்டீனில் தொழிலைத் தொடங்கிய தாமோதரசாமி நாயுடு, 1968இல் ஆர்.எஸ்.புரத்தில் திறந்த அன்னபூர்ணா ஹோட்டல் எவ்வளவு பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது என்பதைக் கொங்கு நாட்டாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2010 ஜூனில் கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு ஐந்து நாள்கள் நடந்தபோது, வந்து குவிந்த ஜனத்திரளுக்கு இடமும் உணவும் வாகனமும் ஏற்பாடு செய்வது எத்தனை பேருடைய உழைப்பைக் கேட்கும் காரியம் என்பது பிரத்தியட்சமாயிற்று.

ஹோட்டல் மேனேஜ்மென்ட்டை முறையாகப் படிக்க விரும்புவோருக்குச் சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் அரசுக் கல்வி நிலையங்கள் உள்ளன. அவற்றில் பட்டப்படிப்பில் சேர அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு. பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகளிலும் கேட்டரிங் படிப்பு கிடைக்கிறது. ஆயினும், பெருந்தொகையைக் கட்டணமாகச் செலுத்துவதற்கு முன், ஒரு முகூர்த்த காலம் முழுவதும் உள்ளூர் மண்டபத்தில் வேலை செய்து பார்த்துவிடுவது உத்தமம். எத்தனை பேருக்கு எத்தனை படி அரிசி, எந்த நேரத்தில் இரண்டாம் உலை, அழைத்த எண்ணிக்கைக்கு மேல் கூட்டம் வந்துவிட்டால் சாம்பாரை எப்படிச் சமாளிப்பது என்பதெல்லாம் சமையல் மாஸ்டரின் பக்கத்தில் நின்றால்தான் புரியும். ஊரார் பண்டிகை கொண்டாடும் நாளில்தான் தனக்கு வேலை அதிகம் என்பதும், பாதிராத்திரிக்குக் கால் வலி எப்படி இருக்கும் என்பதும், ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வருமானம் நின்றுபோகும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அதன் பிறகும் ஆசை தணியாதவன் தாராளமாகப் படிக்கட்டும். கப்பல் வேலை, துபாய் வேலை என்று முன்பணம் கேட்கும் தரகர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருக்கட்டும்.

மண்டப உரிமையாளர்களுக்கும் கேட்டரிங் முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பரிமாற வரும் மாணவர்களுக்குப் பேசிய கூலியை அன்றைக்கே கொடுங்கள். கடைசிப் பந்தி முடிந்து மிஞ்சியதை நின்றுகொண்டே தின்னவிடாமல், இலை போட்டு உட்கார வைத்துச் சோறு போடுங்கள். வெளியூர்ப் பிள்ளைகளாயின் படுக்க ஓர் இடம் ஒதுக்குங்கள். கல்லூரி அனுப்பும் பயிற்சி மாணவர்களைக் காசில்லாத கூலியாட்களாக எண்ணிப் பாத்திரம் கழுவுவதோடு நிறுத்திவிடாமல், கணக்குப் புத்தகத்தையும் அவர்கள் கையில் கொடுத்துப் பழக்குங்கள்.