மாப்பிள்ளை வீட்டார் வரும் முன் பாத்ரூமை உடைக்கத்தான் வேண்டுமா?



பாடசாலை விடுமுறை வந்தால் நம்ம ஊரில் கலியாணம் வரும். கலியாணம் வந்தால் வீட்டு வேலையும் வரும். சுவருக்குப் பெயின்ட், ஜன்னலுக்குத் திரை என்று தொடங்கி, கடைசியில் எல்லோருடைய கண்ணும் போய் நிற்பது பாத்ரூமில்தான். "இந்தப் பழைய ரோஸ் கலர் டைல்ஸை உடைச்சிப் போட்டுப் புதுசாப் பதிக்காட்டி, மாப்பிள்ள வீட்டார் என்ன நினைப்பாங்க?"

இந்தக் கேள்விக்காக நகை அடகுக்குப் போவதையும், பிள்ளையின் டியூஷன் காசு தவணைக் கடனுக்குப் போவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எனது கருத்தை நேராகவே சொல்கிறேன். பெரும்பாலான பழைய பாத்ரூம்களை உடைக்கத் தேவையே இல்லை. செலவழிக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 6 அடிக்கு 5 அடி பாத்ரூம், சுவரில் 7 அடி உயரத்துக்கு டைல்ஸ் என்று வையுங்கள். சுவர் 154 சதுர அடி, தரை 30 சதுர அடி. கதவைக் கழித்தாலும் 165 சதுர அடி அளவில் வரும். டைல்ஸ் விலையோடு முடிந்துவிடாது. உடைக்கும் கூலி, கழிவை ஏற்றும் கூலி, சீமெந்து, மணல், மேசன் கூலி எல்லாம் உண்டு. உடைக்கும்போது சுவருக்குள் இருக்கும் பைப் வெடித்தால் அது வேறு கணக்கு. 2022இல் ரூபாய் விழுந்தபோது ஏறிய சாமான் விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. 2024 ஜனவரியில் வற் வரியும் 18 வீதமானது. 1990களில் வாப்பா பதித்த விலையை நினைத்துக்கொண்டு இன்று ஹார்ட்வெயாருக்குப் போக முடியாது.

அப்படியென்றால் எப்போது உடைக்கலாம்? மேல்மாடிப் பாத்ரூமிலிருந்து கீழ்த் தட்டுக்குத் தண்ணீர் கசிந்தால், உள்ளே இருக்கும் இரும்புக் குழாய் துருப்பிடித்திருந்தால், தரை வாட்டம் பிழைத்து ஒவ்வொரு முறையும் தண்ணீர் தேங்கி நின்றால் உடைப்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டுப் பாருங்கள், வாட்டம் தெரிந்துவிடும். டைல்ஸை ஒவ்வொன்றாக ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொந்துச் சத்தம் வருவது மட்டும்தான் கழன்றிருக்கிறது. நாலைந்து இடம் என்றால் அவற்றை மட்டும் மாற்றலாம். அதே நிறம் கிடைக்காவிட்டால் வேறு நிறத்தில் ஒரு வரிசையாகப் பதித்தால், வேண்டுமென்றே செய்த அலங்காரம் போலத்தான் இருக்கும்.

பாத்ரூமைக் கிழடாகக் காட்டுவது அநேகமாக டைல்ஸ் அல்ல, டைல்ஸ்களுக்கு இடையில் கறுத்துப்போன கிரவுட். பழையதை 2, 3 மில்லிமீற்றர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, தூசைக் கழுவி, புதிய கிரவுட் பூசினால் பாதி வேலை முடிந்தது. சில கிலோ கிரவுட்டும் ஓரிரு நாள் உழைப்பும்தான் செலவு. சுவரும் தரையும் சேரும் மூலைகளில் கிரவுட் வெடிக்கும், அங்கே பூஞ்சணம் பிடிக்காத சிலிக்கன் போடுங்கள். கிணற்றுத் தண்ணீர் படிந்த வெள்ளைக் கறைக்கு விநாகிரி போதும். கடும் அசிட் ஊற்றினால் கறையோடு கிரவுட்டையும் தின்றுவிடும். இன்னொன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: ஹார்பிக் போன்ற அசிட் கலந்த திரவத்தையும் குளோரொக்ஸ் போன்ற பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும். காற்றோட்டமில்லாத சின்னப் பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. விநாகிரியும் அசிட்தான் என்பதால், அதையும் பிளீச்சோடு கலக்க வேண்டாம்.

சுவர் டைல்ஸின் நிறம் பிடிக்கவே இல்லையா? டைல்ஸுக்கென்றே வரும் எபொக்சி பெயின்ட் இருக்கிறது. சுவருக்கு அடிக்கலாம். தரைக்கு வேண்டாம், கால் பட்டுத் தண்ணீர் பட்டு உரிந்துவிடும்.

இப்போது மிச்சமான காசுக்கு வருவோம். உங்கள் பாத்ரூமை நாளுக்கு ஐந்து வேளையும் பாவிப்பவர் யார்? மாப்பிள்ளை வீட்டார் அல்ல. சுபஹுக்கு முன்னால் எழும்பி, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு வுழூச் செய்யப் போகும் உம்மும்மா. நம்ம வீடுகளில் பாத்ரூம் தரை காயவே காயாது. அந்த ஈரத்தில் வழுவழுப்பான டைல்ஸ். வயதானவர் ஒருமுறை சறுக்கி இடுப்பு எலும்பு உடைந்தால், பலர் பழையபடி நடப்பதே இல்லை. அதனால் முதல் செலவு இவற்றுக்குத்தான்:

கொமட் பக்கத்திலும் பைப் பக்கத்திலும் சுவரில் இறுக்கிய ஸ்டெயின்லெஸ் பிடிகம்பி. துவாய் போடும் கம்பி ஆளின் பாரத்தைத் தாங்காது. சுவர் பொந்துள்ள சீமெந்துக் கல் என்றால் சாதாரண பிளக் பிடிக்காது, மேசனிடம் சொல்லிச் செய்யுங்கள். தரைக்குச் சறுக்காத விரிப்பு. இருந்து வுழூச் செய்ய ஓர் உறுதியான ஸ்டூல். வெளிச்சமான எல்ஈடி பல்ப், சுவிட்ச் கதவுக்கு வெளியே. கதவு உள்ளே திறப்பதாக இருந்தால் ஓடாவியைக் கொண்டு வெளியே திறக்கும்படி மாற்றுங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கதவில் சாய்ந்து கிடந்தால், உள்ளே திறக்கும் கதவைத் தள்ளித் திறக்கவே முடியாது.

அடுத்தது கசிவு. தண்ணீர்க் கட்டணம் 2022இலும் 2023இலும் கூடியதை மறந்திருக்க மாட்டீர்கள். கொமட் தாங்கிக்குள் கேக்குக்குப் போடும் கலர் கொஞ்சம் ஊற்றி, பிளஷ் பண்ணாமல் அரை மணித்தியாலம் விடுங்கள். கீழே கலர் வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் பழுது. அதை மாற்றுவது சின்னச் செலவு.

இவையெல்லாம் முடிந்து காசு மிஞ்சினால் புதுக் கண்ணாடி, புது ஷவர் வாங்குங்கள். அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிசை மாறக் கூடாது என்கிறேன். கொப்பிக்கு மினுங்கல் உறை போட்டுவிட்டு உள்ளே வீட்டு வேலை செய்யாமல் வரும் பிள்ளைக்கு நாங்கள் என்ன சொல்வோம்?

கடைசியாக, கொஞ்சம் கசப்பான கதை. நம்ம கிழக்குக் கரையில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுப்பது பெற்றோரின் தலையில் கட்டப்பட்ட சுமை. அந்த வீட்டுக்குள் போய் "பாத்ரூம் கொஞ்சம் பழசு போல" என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டு வருகிறவர்களும் நாம்தான். அந்த ஒரு வார்த்தைக்குப் பல இலட்சம் விலை. அதைச் சொன்னவர் கொடுப்பதில்லை, பிள்ளையின் வாப்பா கொடுக்கிறார், வருடக்கணக்காக.

ஆகவே மகனுக்குப் பெண் பார்க்கப் போகும் உம்மா, வாப்பா, ராத்தா, நாநாமாரிடம் ஒரு வேண்டுகோள். போகும் வீட்டில் டைல்ஸின் வயதைக் கணக்குப் பார்க்காதீர்கள். அவர்களாகவே "கலியாணத்துக்கு முன்னால பாத்ரூமத் திருத்திடுவம்" என்று சொன்னால், "தேவையில்ல, இது போதும்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். மௌனமாக இருந்தால் அவர்கள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, அடுத்த நாளே கடனுக்குப் போவார்கள்.