படகின் அடியில் செம்பு எதற்கு? காரைக்கால் மீனவர்களின் டீசல் செலவைத் தீர்மானிக்கும் பெயின்ட் கணக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகவில்லை என்பதால் மீனவர்களுக்கு இது லீவு என்று நினைத்தால் தப்பு. காரைக்கால் பகுதியில் பட்டினச்சேரி போன்ற ஊர்களின் படகு உரிமையாளர்களுக்குக் கை கடிக்கும் மாதங்கள் இவைதான். வருமானம் கிடையாது, ஆனால் படகைக் கரையேற்றி, சுரண்டி, பழுது பார்த்து, பெயின்ட் அடிக்கும் செலவு முழுக்க இப்போதுதான் வரும். அதில் அதிகம் குழப்பும் கேள்வி: அடிப்பாகத்துக்கு எந்தப் பெயின்ட்?

அடியில் அப்படி என்னதான் ஒட்டுகிறது?

கடல்நீரில் எந்தப் பொருளை வைத்தாலும் சில மணி நேரத்திலேயே நுண்ணுயிரிகள் படிந்து வழவழப்பான ஒரு படலம் உருவாகிவிடும். அடுத்து பாசி, பிறகு கொட்டலசு, மட்டி என்று வரிசையாகக் குடியேறும். கொட்டலசு ஒட்டிய படகு, சொரசொரப்பான பாறையைக் கட்டி இழுப்பது மாதிரி. அதே வேகத்தில் போக இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும். கூடுதல் டீசல் குடிக்கும். பெரிய கப்பல்களில், அடிப்பாகத்தின் பாதிப் பரப்பில் வெறும் 0.5 மில்லிமீட்டர் படலம் படிந்தாலே கார்பன் உமிழ்வு 20 சதவீதத்துக்கு மேல் கூடலாம் என்கிறது சர்வதேச கடல்சார் அமைப்பின் ஆய்வு.

எல்லாப் படகுக்கும் இந்தப் பிரச்சினை உண்டா?

இல்லை. கட்டுமரத்தையும் சிறிய ஃபைபர் படகையும் தொழில் முடிந்ததும் மணலில் இழுத்துப் போட்டுவிடலாம். வெயிலில் காய்ந்தால் ஒட்டியவை செத்துவிடும். சிக்கல், துறைமுகத்திலும் ஆற்று முகத்துவாரத்திலும் எந்நேரமும் தண்ணீரிலேயே நிற்கும் விசைப்படகுகளுக்குத்தான்.

செம்பு என்ன செய்கிறது?

செம்பு ஆக்சைடு கலந்த பெயின்ட், தண்ணீரில் செம்பு அயனிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். உட்கார இடம் தேடி வரும் இளம் கொட்டலசுக்கு அது நஞ்சு. கரைந்தால்தான் வேலை செய்யும். கரைவதால்தான் தீர்ந்தும் போகிறது. அதனால்தான் குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. செம்பு ஆக்சைடு பெயின்ட் பெரும்பாலும் செங்காவி நிறத்தில் இருக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ரெட் ஆக்சைடும் கிட்டத்தட்ட அதே நிறம்தான். ஆனால் அது இரும்பு ஆக்சைடு. துருவைத் தடுக்க உதவும், கொட்டலசைத் தடுக்காது. நிறத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

அப்படியானால் எபாக்ஸி எதற்கு?

எபாக்ஸி தனியாகப் பாசியைத் தடுக்காது. அதன் வேலை சுவர் மாதிரி நிற்பது. ஃபைபரில் தண்ணீர் ஊறிக் கொப்புளம் வராமல் பார்த்துக்கொள்ளும். இரும்புப் படகில் அதன் பங்கு இன்னும் முக்கியம்: செம்பும் இரும்பும் கடல்நீரில் நேரடியாகச் சேர்ந்தால் ஒரு பேட்டரி போலாகி, இரும்பு அரிக்கும்.

பிரிட்டிஷ் கடற்படை இதை 18-ஆம் நூற்றாண்டிலேயே பட்டுத் தெரிந்துகொண்டது. 'அலார்ம்' என்ற மரக்கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்தார்கள். பின்னர் சோதித்தபோது, செம்பைத் தொட்ட இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் நடுவில் தங்கிய இடங்களில் மட்டும் ஆணி தப்பியது. அன்று காகிதம் செய்த வேலையைத்தான் இன்று எபாக்ஸி செய்கிறது. அலுமினியப் படகுக்குச் செம்புப் பெயின்டே ஆகாது.

எபாக்ஸியில் செம்புத் தூளைக் கலந்து பூசும் முறையும் உண்டு. பல ஆண்டுகள் தாங்கும். ஆனால் முதல் செலவு அதிகம், பூசுவதில் பிசகினால் பணம் வீண்.

செம்பு கடலுக்குப் பாதுகாப்பானதா?

முழுக்கச் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் உலகம் கொண்டாடியது டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மத்தை. பிரான்சின் அர்காஷோன் விரிகுடாவில் அது சிப்பி வளர்ப்பையே முடக்கியதால், 1982-ல் சிறிய படகுகளுக்குத் தடை வந்தது. 2001-ல் ஏற்கப்பட்ட சர்வதேச உடன்படிக்கை 2008-ல் நடைமுறைக்கு வந்து அதை முற்றிலும் விலக்கியது. செம்பு அவ்வளவு மோசமில்லை. ஆனால் நீரோட்டம் குறைந்த முகத்துவாரத்தில் நிறையப் படகுகள் நின்றால் அது சேர்ந்துகொண்டே போகும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்வது அங்கேதான்.

அதற்காக ஒன்றுமே பூசாமல் விடவும் முடியாது. எண்ணூர், பழவேற்காடு பகுதியில் இறால் வாழும் அடித்தரையைப் பாய் விரித்தாற்போல் மூடிய 'காக்கா ஆழி' தென்னமெரிக்க மட்டி. அது கப்பல்கள் வழியாக வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஒட்டுயிரிகள் ஊர்விட்டு ஊர் போவது படகின் அடியில்தான்.

என்ன செய்யலாம்?

* பழைய பெயின்டை உலரவைத்துத் தேய்க்காதீர்கள். தூளில் செம்பு இருக்கும். ஈரமாகத் தேய்த்து, முகக்கவசம் அணியுங்கள்.
* சுரண்டிய கழிவை ஆற்றில் தள்ளாமல் தார்ப்பாயில் சேகரியுங்கள்.
* முதலில் எபாக்ஸி, மேலே செம்பு. இந்த வரிசை மாறக்கூடாது.
* துருவைத் தாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டி மேல் பெயின்ட் படக்கூடாது. பட்டால் அது வேலை செய்யாது.
* கடைசிக் கோட்டைப் படகு இறங்கும் நாளை ஒட்டி அடியுங்கள். எத்தனை நாள் இடைவெளி என்பது டப்பாவிலேயே இருக்கும்.

கழிவைச் சேகரிக்கத் துறைமுகத்தில் ஓர் இடம், நல்ல பெயின்டுக்குத் தடைக்காலத்தில் ஒரு கடனுதவி. இரண்டும் இருந்தால் மீனவர் டீசலையும் மிச்சப்படுத்தலாம், தன் மீன் வளரும் ஆற்றையும் காப்பாற்றலாம். அதுவரை, கையில் இருக்கும் காசுக்கு எது கிடைக்கிறதோ அதுதான் அடியில் ஏறும்.